கணக்கில் வராத விலங்குகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மேலாண்மை விளையாட்டுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ஒழுங்காக வேலை செய்தால் ஒழுங்காகப் பலன் வரும் என்ற நம்பிக்கையை அவை நமக்குத் திருப்பித் தருகின்றன என்று எழுதியிருந்தீர்கள். நான் ஒரு ரசாயன ஆலையின் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். சில மாதங்களாக இரவு நேரங்களில், டைனோசர் பூங்கா ஒன்றைக் கட்டி நடத்தும் ‘ஜுராசிக் வேர்ல்ட் எவல்யூஷன்’ விளையாட்டின் முதல் இரண்டு பாகங்களையும் ஆடி வருகிறேன். என் அனுபவம் நேர்மாறாக இருக்கிறது. வேலியை இரண்டு அடுக்காகப் போட்டேன், துணை மின்நிலையங்களைப் பிரித்து வைத்தேன், விலங்குகளைக் கவனிக்கும் ரேஞ்சர் குழுக்களைத் தயாராக நிறுத்தினேன். ஒரு புயல் வந்தது. மின்சாரம் போனது, வேலி உடைந்தது, டைரனோசாரஸ் வெளியே வந்து பார்வையாளர்களைத் தின்றது, பூங்காவின் நட்சத்திர மதிப்பீடு சரிந்தது. எங்கள் ஆலையில் ஒரு விபத்து நடந்தால் மூல காரணத்தை எழுதாமல் அறிக்கையை முடிக்க முடியாது. இங்கே அந்தக் கட்டத்தில் ‘வானிலை’ என்று மட்டுமே எழுத முடிகிறது. வெறுத்துப்போய், இரண்டாம் பாகத்தின் சாண்ட்பாக்ஸில், அதாவது விதிகளை நம் விருப்பப்படி மாற்றி ஆடும் பகுதியில், புயலை அணைத்துவிட்டு ஆடினேன். பூங்கா தன்பாட்டுக்கு ஓடுகிறது, எனக்கு அங்கே வேலையே இல்லை. இது மேலாண்மையா, குலுக்கல் சீட்டா? மூன்றாம் பாகத்தை வாங்கலாமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் குறை நியாயமானது. ஆனால் குலுக்கல் சீட்டு என்று சொல்வதோடு நின்றுவிட்டால், புயலை அணைத்த பிறகு ஏன் சலிப்புத் தட்டியது என்பதற்கு விளக்கம் கிடைக்காது. புயல் இருந்தால் எரிச்சல், இல்லாவிட்டால் சலிப்பு என்ற இரண்டு புகார்களுக்கும் காரணம் ஒன்றே என்று நினைக்கிறேன். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வாக்குறுதிகளை இந்த விளையாட்டு ஒரே நேரத்தில் காப்பாற்ற முயல்கிறது.

முதல் வாக்குறுதி இந்த வகை விளையாட்டுகளுக்கே உரியது. கிறிஸ் சாயர் 1999இல் வெளியிட்ட ‘ரோலர்கோஸ்டர் டைகூன்’ விளையாட்டில் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் நம்பகத்தன்மை என்றொரு அளவு உண்டு. ராட்டினம் பழையதாக ஆக அது குறையும். மெக்கானிக் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வந்து சோதிக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். ஒருநாள் நிலையத்தின் பிரேக் பழுதாகி வண்டிகள் மோதி மக்கள் இறந்தால், அந்த விபத்துக்குப் பின்னால் உங்கள் முடிவுகளின் சங்கிலி ஒன்று இருக்கும். அதைக் கண்ணி கண்ணியாகப் பின்னோக்கித் தொட்டுச் செல்ல முடியும். உங்கள் ஆலையின் அறிக்கையை அங்கே தாராளமாக எழுதலாம். கட்டுரையில் நான் சொன்ன நம்பிக்கை அதுதான்.

இரண்டாவது வாக்குறுதி கதையிலிருந்து வருகிறது. 1993ஆம் ஆண்டு வெளியான ‘ஜுராசிக் பார்க்’ திரைப்படத்தில் டைனோசர் பூங்கா வீழ்வதற்கு நிர்வாகத் திறமையின்மை காரணமாகக் காட்டப்படவில்லை. லஞ்சம் வாங்கிய ஒரு நிரலாளர் பாதுகாப்பு அமைப்புகளை நிறுத்துகிறார். அதே இரவில் புயலும் தீவைத் தாக்குகிறது. உயிரை அடைத்து ஆள முடியாது என்று இயான் மால்கம் என்ற கணிதவியலாளர் தொடக்கம் முதலே சொல்லிக்கொண்டிருக்கிறார், கதை அவர் பக்கம் நிற்கிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃப்ரான்டியர் டெவலப்மென்ட்ஸ் நிறுவனம் 2018இல் முதல் பாகத்தை வெளியிட்டபோது படத்தில் மால்கமாக நடித்த அதே ஜெஃப் கோல்ட்ப்ளமை அழைத்து மால்கமுக்குக் குரல் கொடுக்க வைத்தது. நீங்கள் ஒரு தீவைக் கட்டி முடித்து நிமிரும் வேளையில் அந்தக் குரல் வந்து கேலி செய்கிறது. கேலி எடுபட வேண்டுமானால் அவர் சொல்வது அவ்வப்போது பலிக்க வேண்டும். உங்கள் நிர்வாகம் நன்றாக இருக்கும்போதும் பலிக்க வேண்டும் என்பதால் வடிவமைப்பாளர்கள் வானத்தை நாடுகிறார்கள். இது ஃப்ரான்டியரின் கண்டுபிடிப்பும் அல்ல. மெல்பர்னின் ப்ளூ டங் நிறுவனம் 2003இல் செய்த ‘ஆபரேஷன் ஜெனசிஸ்’ விளையாட்டிலும் சூறாவளி வந்து வேலியைப் பிய்த்துக்கொண்டு போகும்.

இத்தனைக்கும், வானத்தின் உதவியே தேவைப்படாத அருமையான ஒரு கருத்து முதல் பாகத்துக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் கடிதம் அதைப் பற்றிப் பேசவில்லை. வேலியையும் மின்சாரத்தையும் மட்டும் பேசுகிறது. ஒவ்வொரு டைனோசருக்கும் இவ்வளவு புல்வெளி, இவ்வளவு காடு, குடிக்க நீர், தன் இனத்தில் இத்தனை பேர், அடைப்பில் மொத்தம் இத்தனை விலங்குகள் என்று தேவைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. கூட்டமாக வாழும் ஸ்ட்ருதியோமிமஸைத் தனியாக விட்டாலும் அமைதி கெடும். பெரிய கொன்றுண்ணியின் அடைப்பில் வேற்றினத்தை நெருக்கி வைத்தாலும் கெடும். அந்த நிறைவு ஓர் எல்லைக்குக் கீழே இறங்கும்போதுதான் விலங்கு வேலியை முட்டத் தொடங்குகிறது. தேவைகள் நிறைவேறிய டைரனோசாரஸ் மெல்லிய வேலிக்குப் பின்னாலும் பேசாமல் நின்றுகொண்டிருக்கும். புதிதாக ஆடுபவர் விலங்கு முட்டியதைக் கண்டதும் வேலியைக் கனமாக்குகிறார், கம்பி வேலிக்கு மின்சாரம் பாய்ச்சுகிறார், பிறகு கான்கிரீட் சுவர் எழுப்புகிறார். அனுபவப்பட்டவர் நாலு மரம் நடுகிறார். வேலியைப் பாதுகாப்பாக எண்ணாமல், வேறெங்கோ செய்த பிழை கடைசியில் வந்து வெளிப்படும் இடமாக எண்ணிப் பார்க்கச் சொல்லும் விளையாட்டு இது. பராமரிப்புத் துறையில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. புயலே உடைத்துப்போட்ட வேலி வழியாக நிறைவான விலங்கும் நடந்து வெளியே வந்துவிடும் என்பதும் உண்மை. ஆகவே நீங்கள் விவரித்த அந்த இரவுக்கான பழியை உங்கள்மேல் சுமத்த மாட்டேன்.

பிறகு சலிப்பு எங்கிருந்து வருகிறது? இத்தனை தேவைகளையும் திரை உங்களுக்குப் பட்டைகளாக வரைந்து காட்டிவிடுகிறது. விலங்கின் மேல் சொடுக்கினால் காடு எவ்வளவு குறைகிறது, தண்ணீர் போதுமா, கூட்டம் மிகுதியா என்பதெல்லாம் தெரிந்துவிடும். எல்லாம் தெரிந்த நிர்வாகிக்குக் கற்றுக்கொள்ளும் காலம் வரைதான் வேலை இருக்கும். பட்டைகளைப் படிக்கப் பழகியதும் பூங்கா ஒரு தீர்க்கப்பட்ட கணக்காகிவிடுகிறது. அதைக் கலைக்க வெளியிலிருந்து ஏதாவது வந்தாக வேண்டியிருக்கிறது. அப்படித்தான் புயல் வருகிறது. முதல் பாகத்தில், பூங்காவின் அறிவியல், கேளிக்கை, பாதுகாப்பு என்ற மூன்று பிரிவுகளில் ஏதாவதொன்றைப் புறக்கணித்தால் நடக்கும் நாசவேலையும் அப்படி வருவதுதான். மின்நிலையம் திடீரென்று நின்றுபோகும், வாயில்கள் திறந்துகிடக்கும், விலங்குகளுக்கு நோய் பரவும். கேளிக்கைப் பிரிவுக்கு ஒப்பந்தம் முடித்துக் கொடுத்ததற்காக இன்னொரு பிரிவு கதவைத் திறந்துவிட்டு மனிதர்களைப் பலிகொடுக்கும் என்பதை எந்த நிறுவனத்தின் உள்ளரசியலை நினைத்து எழுதினார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

கட்டுப்பாடு குலைவதைக் காட்ட வேறு வழி இருந்தது. அது இந்தக் கதையின் மூலத்திலேயே இருக்கிறது. மைக்கேல் கிரைட்டன் 1990இல் எழுதிய நாவலில் பூங்காவின் விலங்குகளைக் கணினி எண்ணிக்கொண்டே இருக்கிறது. இருக்க வேண்டியவை 238. ஒவ்வொரு முறையும் 238 வருகிறது, எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள். மால்கம் எண்ணிக்கையைக் கூட்டித் தேடச் சொல்கிறார். முந்நூறு விலங்குகளைத் தேடும்படி கேட்டதும் கணினி 292 என்று காட்டுகிறது. எட்டு இருக்க வேண்டிய வெலாசிராப்டர்கள் 37 இருக்கின்றன. விலங்கு இறந்தாலோ தப்பினாலோ எண்ணிக்கை குறையும் என்ற ஒரே அச்சத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நிரல் அது; எதிர்பார்த்த எண்ணை அடைந்ததும் எண்ணுவதை நிறுத்திவிடும். எண்ணிக்கை கூடலாம் என்று யாரும் நினைக்கவில்லை, ஏனென்றால் அங்குள்ள விலங்குகள் அனைத்தும் பெண்.

அதற்கும் முன்னால் மால்கமுக்கு ஐயம் எழுப்பியது ஒரு வரைபடம். பிரோகாம்ப்சோக்னேத்தஸ் என்ற சிற்றினத்தின் உயரங்களைக் காட்டும் அந்த வரைபடம், இயற்கையான எந்த உயிர்த்தொகையிலும் காணக்கூடிய மணி வடிவத்தில் அழகாக அமைந்திருக்கிறது. விலங்குகளை மூன்று தொகுதிகளாக, ஆறு மாத இடைவெளியில் வெளியே விட்டிருக்கிறார்கள். அப்படியானால் வரைபடத்தில் மூன்று முகடுகள் தெரிந்திருக்க வேண்டும். ஒரே முகடு இருக்கிறதென்றால் அவை இனப்பெருக்கம் செய்துகொண்டிருக்கின்றன. தரவு முழுவதும் சரி, அதைப் படித்தவர்கள் எதைத் தேட வேண்டும் என்று அறியாமல் படித்திருக்கிறார்கள். உங்கள் ஆலையில் உண்மையான விபத்துகள் பலவும் இப்படித்தானே தொடங்கியிருக்கும்? அளவுமானியின் முள் பச்சைப் பகுதியிலேயே நின்றுகொண்டிருக்கும், ஆனால் அது அளக்க வேண்டியதை அளக்காமல் இருந்திருக்கும். திரைப்படம் புயலையும் நாசவேலையையும் முன்னுக்குக் கொண்டுவந்தது. விளையாட்டுகள் அந்தப் படத்தின் வழியே கதையை வாங்கிக்கொண்டன. நிர்வாகம் பற்றிய ஒரு விளையாட்டுக்கு மிகவும் பொருந்தக்கூடிய பகுதி நாவலிலேயே தங்கிவிட்டது.

2021இல் வந்த இரண்டாம் பாகம் இந்தத் திசையில் பாதித் தொலைவு நடந்திருக்கிறது. அதில் விலங்கின் நிலை தானாகத் தெரிந்துவிடாது. ரேஞ்சர் குழு ஜீப்பில் போய்ப் பார்த்து வந்தால்தான் புதிய தகவல் கிடைக்கும். நோயும் காயமும் மருத்துவக் குழு சோதித்த பிறகே என்னவென்று தெரியும். விஞ்ஞானிகளை ஓய்வின்றி வேலை வாங்கினால் மனம் கசந்து அவர்களே நாசவேலையில் இறங்குவார்கள். இது முதல் பாகத்தின் நாசவேலையைவிட ஆயிரம் மடங்கு நேர்மையானது, ஏனென்றால் அவர்களைக் கசக்கிப் பிழிந்தவர் நீங்கள்தான். ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் தீர்ந்துபோவதும் அதே வகை. ஆனால் ரேஞ்சர் சாவடி ஒன்றைக் கட்டி அதற்கு ஒரு குழுவை ஒதுக்கிவிட்டால் நிலை பார்க்கும் வேலை தானாக நடக்கத் தொடங்குகிறது. மறுபடி எல்லாம் தெரிந்துவிடுகிறது, நீங்கள் எழுதிய சலிப்பும் வந்துவிடுகிறது.

இங்கே வடிவமைப்பாளர்கள் பக்கத்திலிருந்து ஓர் எதிர்வாதம் சொல்ல முடியும், அது வலுவானதும்கூட. திரையில் காட்டும் எண் பொய்யாக இருக்கலாம் என்று ஒரு விளையாட்டு முடிவு செய்துவிட்டால், ஆடுபவர் அதை விளையாட்டின் பகுதியாக எடுத்துக்கொள்ள மாட்டார். நிரலில் பிழை இருக்கிறது என்று புகார் எழுதுவார். சிறுவர்களும் வாங்கி ஆடும் விளையாட்டில் இந்த ஆபத்தை எந்த நிறுவனமும் எளிதில் ஏற்காது. புயல் வந்தால் கோபம் வரும், ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்று தோன்றாது. இருந்தாலும் பொய்யான எண் தேவையில்லை, முழுமையற்ற எண் போதும் என்றே நான் நினைக்கிறேன். கேமரா இல்லாத மூலையில் என்ன நடக்கிறது என்பது கணக்கில் வராது என்று முதலிலேயே அறிவித்துவிட்டு, எங்கே கேமரா வைப்பது என்ற பொறுப்பை ஆடுபவரிடம் விட்டிருக்கலாம். அப்போது தப்பிய ஒவ்வொரு விலங்குக்கும் மூல காரணம் எழுத முடியும். மால்கமும் பொய்க்க மாட்டார்.

யாராவது அப்படி ஒன்றைச் செய்யும்வரை, இரண்டாம் பாகத்தின் சாண்ட்பாக்ஸில் நான் கடைப்பிடிக்கும் சில விதிகளைச் சொல்கிறேன். புயலை அணைத்துவிடுகிறேன். ரேஞ்சர் சாவடிகளைக் கட்டுவதில்லை. நிலை பார்க்க வேண்டுமென்றால் நானே ஜீப்பை ஓட்டிக்கொண்டு அடைப்புக்குள் போகிறேன். மேலிருந்து பார்க்கும் வரைபடத்தையும் விலங்குப் பட்டியலையும் திறப்பதில்லை என்று எனக்கு நானே கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். இப்படி ஆடினால் பூங்காவின் ஒரு மூலையைக் கவனிக்கும் நேரத்தில் இன்னொரு மூலை கெடுகிறது. வேலி உடைந்த செய்தி வரும்போது, அந்த அடைப்புக்குள் எப்போது கடைசியாகப் போனேன் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் தொழிலுக்கு இது கொஞ்சம் பழக்கமான அவதியாகவே இருக்கும். ஒருவேளை இரவிலும் அதே வேலையா என்று தோன்றலாம்.

மூன்றாம் பாகம் 2025 அக்டோபரில் வந்தது. அதில் டைனோசர்களில் ஆண், பெண் என்ற பேதம் உண்டு, இணை சேர்கின்றன, குஞ்சுகள் பிறந்து வளர்கின்றன. நாவலின் மையச் சிக்கலான இனப்பெருக்கம் இந்த வரிசைக்குள் ஒருவழியாக வந்து சேர்ந்திருக்கிறது, ஆனால் நிர்வாகிக்குத் தெரியாமல் நடக்கும் ஒன்றாக அல்ல, அவர் வரவேற்றுக் காசாக்கும் ஒன்றாக. விலங்குகள் குடும்பமாக வாழ்வதைப் பார்க்கும் ஆசை உங்களுக்கு இருந்தால் வாங்கலாம். கட்டடங்களை உறுப்பு உறுப்பாகச் சேர்த்து விருப்பம்போல் அமைப்பதில் ஈடுபாடு உள்ளவர்களும் வாங்கலாம். மூல காரணம் எழுதும் கட்டத்துக்காக மட்டும் என்றால் அவசரம் வேண்டாம், விலை குறையும்போது பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் 2003ஆம் ஆண்டு விளையாட்டு எங்காவது கிடைத்தால் அதையும் ஒருமுறை ஆடிப் பாருங்கள். அதன் ‘சைட் பி’ பகுதியில் பார்வையாளர்களே கிடையாது, விலங்குகளை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பது மட்டுமே வேலை. நட்சத்திர மதிப்பீடு என்ற கவலை அங்கே இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்