‘புட் அப் வித்’ முதல் ‘பாஸ் அவுட்’ வரை: ஃப்ரேசல் வெர்ப் கேள்வி-பதில்

கேள்வி: ‘ரன் அவுட் ஆஃப்’ (தீர்ந்துபோவது), ‘கட் டவுன் ஆன்’ (குறைத்துக்கொள்வது), ‘புட் அப் வித்’ (சகித்துக்கொள்வது) என, வினையோடு சிறுசொற்கள் சேர்ந்து தனிப்பொருள் தரும் ஃப்ரேசல் வெர்ப்களில் வரும் மூன்று சொல் தொடர்களை மொத்தமாக மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியே இல்லையா?

பதில்: பாதி மனப்பாடம்தான். ஆனால் மூன்றையும் ஒரே கட்டாகப் பார்க்க வேண்டாம். நடுச்சொல் வினையோடு ஒட்டிக்கொண்டு அதன் பொருளை மாற்றுகிறது. கடைசிச் சொல்லின் வேலை, அடுத்து வரும் பெயர்ச்சொல்லைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான். அதனால் பெயர் வராத இடத்தில் கடைசிச் சொல்லும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ‘வி ஹாவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்பது முழு வாக்கியம். பேச்சு பாலைப் பற்றித்தான் என்று தெரிந்தால் ‘வி ஹாவ் ரன் அவுட்’ போதும். பாலையே எழுவாயாக்கினால் ‘த மில்க் ஹாஸ் ரன் அவுட்’. இங்கே ‘ஆஃப்’ ஒட்டினால் தவறு. ‘ஹி டிராப்ட் அவுட் ஆஃப் காலேஜ்’, ‘ஹி டிராப்ட் அவுட்’ என்பதும் இதே கணக்கு.

‘புட் அப் வித்’ இதற்கு அடங்காது. ‘வித்’தை எடுத்துவிட்டால் ‘சகித்துக்கொள்’ என்ற பொருளே போய்விடும். ‘ஷி புட் மி அப்’ என்றால் அவள் வீட்டில் தங்க இடம் கொடுத்தாள் என்று அர்த்தம். இந்த வகையை மட்டும் முழுதாக மனப்பாடம் செய்யுங்கள்.

கடைசிச் சொல்லை மாற்றினால் என்ன ஆகிறது என்று கவனிப்பது நல்ல பயிற்சி. ஆளை எட்டிப் பிடிக்க ‘கேட்ச் அப் வித்’. தேங்கிக் கிடக்கும் வேலையையோ தூக்கத்தையோ ஈடுகட்ட ‘கேட்ச் அப் ஆன்’. யோசனை தோன்றினால் ‘கம் அப் வித்’. தடை எதிர்ப்பட்டால் ‘கம் அப் அகென்ஸ்ட்’. காய்ச்சலில் படுத்தால் ‘கம் டவுன் வித்’; எல்லாம் சுற்றிப் பணத்தில் வந்து நின்றால் ‘கம் டவுன் டு’. சிலவற்றில் இரண்டு பிரிபொசிஷன்கூட (பெயருக்கு முன்னால் நின்று அதைச் சேர்க்கும் சிறுசொல்) வரிசையாக வரும்: ‘ஷி ஃபெல் அவுட் வித் ஹெர் பிரதர் ஓவர் மணி’. யாரோடு சண்டை என்பதை ‘வித்’ சொல்கிறது, எதற்காக என்பதை ‘ஓவர்’ சொல்கிறது.

கேள்வி: ‘பிக் ஹிம் அப்’ சரி, ‘லுக் ஹிம் ஆஃப்டர்’ தவறு. எதை நடுவில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: காதால். பேசும்போது அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேளுங்கள். ‘பிக் ஹிம் அப்’ என்பதில் அழுத்தம் ‘அப்’ மேல் விழுகிறது. ‘லுக் அட் ஹிம்’ என்பதில் ‘லுக்’ மேல் விழுகிறது. ‘அட்’ காதில் விழாத அளவுக்குத் தேய்ந்துபோகிறது. அழுத்தம் பெறும் சிறுசொல் வினையின் ஆள். அந்தத் தொடரில் ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ போன்ற சுட்டுப்பெயர்கள் கட்டாயம் நடுவில்தான் வரும். தேயும் சிறுசொல் பிரிபொசிஷன். சுட்டுப்பெயர் அதற்குப் பின்னால்தான் நிற்கும். ‘ஆஃப்டர்’, ‘இன்டு’ இரண்டுக்கும் காது அவ்வளவாக உதவாது. அவை எப்போதும் பிரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே சொல்லே இரண்டு வேடமும் போடும். ‘டர்ன் இட் ஆன்’ என்றால் விளக்கைப் போடு. ‘த டாக் டர்ன்ட் ஆன் ஹிம்’ என்றால் நாய் அவன்மேல் பாய்ந்தது.

முழுப் பெயர் வந்தால் ‘டர்ன் ஆஃப் த லைட்’, ‘டர்ன் த லைட் ஆஃப்’ இரண்டும் சரி. ‘இட்’ வந்தால் ‘டர்ன் இட் ஆஃப்’ மட்டுமே. ‘டர்ன் ஆஃப் இட்’ கிடையவே கிடையாது. பெயர் மிக நீளமாக இருந்தால் கடைசியில் தள்ளிவிடுங்கள். நடுவில் திணித்தால் கேட்பவர் ‘ஆஃப்’ எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும்.

மூன்று சொல் தொடர்களில் ‘புட் அப் வித் இட்’ என்று கடைசியில்தான். ஆனால் ‘டோன்ட் டேக் இட் அவுட் ஆன் மி’ (கோபத்தை என்மேல் காட்டாதே), ‘ஐ புட் இட் டவுன் டு டயர்ட்னெஸ்’ (களைப்புதான் காரணம் என்று நினைத்தேன்), ‘தே லெட் ஹெர் இன் ஆன் த சீக்ரெட்’ (அவளிடம் ரகசியத்தைச் சொன்னார்கள்) ஆகியவற்றைப் பாருங்கள். இவற்றில் பெயர் இரண்டு: ஒன்று வினைக்குரியது, இன்னொன்று பிரிபொசிஷனுக்குரியது. முதலாவது நடுவில், இரண்டாவது கடைசியில்.

கேள்வி: ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று மின்னஞ்சலில் எழுதுகிறேன். ‘மீட்டிங்’ என்று திருத்துகிறார்கள். ‘டு’வுக்குப் பின் வெறும் வினைதானே வர வேண்டும்?

பதில்: அது ‘ஐ வான்ட் டு மீட் யூ’வில் வரும் ‘டு’. உங்கள் வாக்கியத்தில் இருப்பது பிரிபொசிஷன். சோதிக்க, பின்னால் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்’ நிற்கிறது, எனவே ‘மீட்டிங்’. ‘ஐ வான்ட் டு இட்’ நிற்கவில்லை, எனவே ‘மீட்’. ‘கெட் ரவுண்ட் டு’, ‘ஓன் அப் டு’, ‘அப்ஜெக்ட் டு’ எல்லாம் ‘இங்’ கேட்பவை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங் அட் நைட்’ என்றால் பழகிவிட்டது. ‘ஐ யூஸ்ட் டு டிரைவ் அட் நைட்’ என்றால் முன்பு ஓட்டினேன், இப்போது இல்லை. நேர்முகத் தேர்வில் இந்த இரண்டும் மாறினால் அர்த்தமே தலைகீழ்.

கேள்வி: ‘கோப் அப் வித்’, ‘டிஸ்கஸ் அபவுட்’ இரண்டும் தவறு என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஆமாம். ‘கோப் வித்’ என்பதில் ‘அப்’ கிடையாது. ‘கீப் அப் வித்’ தொடரிலிருந்து ஒட்டிக்கொண்டது. ‘கீப் அப் வித்’ என்றால் பின்தங்காமல் ஈடுகொடுப்பது, ‘கோப் வித்’ என்றால் சமாளிப்பது.

‘டிஸ்கஸ் அபவுட்’டில் தமிழின் ‘பற்றி’ நுழைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் பொருள் நேராக வரும்: ‘வி டிஸ்கஸ்ட் த பட்ஜெட்’. குழப்பத்துக்கு இன்னொரு காரணம், பெயர்ச்சொல் வடிவம் பிரிபொசிஷனை ஏற்பது. ‘எ டிஸ்கஷன் அபவுட் த பட்ஜெட்’, ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’, ‘எம்ஃபசிஸ் ஆன் கிராமர்’ மூன்றும் சரி. வினையானதும் மூன்றிலும் அதை வெட்ட வேண்டும்: ‘டிஸ்கஸ் த பட்ஜெட்’, ‘ரிக்வெஸ்ட் லீவ்’, ‘எம்ஃபசைஸ் கிராமர்’. ‘ரிட்டர்ன் பேக்’கில் ‘பேக்’ வீண்.

கேள்வி: ‘லாகின்’ என்று சேர்த்து எழுதுவதா, பிரித்தா?

பதில்: பெயராக வந்தால் சேர்த்து, வினையாக வந்தால் பிரித்து. பின்னால் ‘டு’ வந்தால் ‘லாக் இன் டு யுவர் அக்கவுண்ட்’ என்று தனித்தனியே எழுதுவது நல்லது. ‘இன்’ வினைக்கு, ‘டு’ பெயருக்கு. இதில் அலட்சியம் வேண்டாம். ‘ஹி டர்ன்ட் ஹிம்செல்ஃப் இன் டு த போலீஸ்’ என்றால் சரணடைந்தான். ‘இன்டு’ என்று சேர்த்துவிட்டால் அவனே போலீஸாக மாறிவிடுகிறான்!

கேள்வி: செயப்பாட்டுவினையில் இந்தச் சிறுசொற்களை விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. ‘த சைல்ட் இஸ் லுக்ட் ஆஃப்டர் பை ஹெர் கிராண்ட்மதர்’ என்பதில் ‘ஆஃப்டர்’, ‘பை’ இரண்டும் அடுத்தடுத்து நிற்பது கண்ணுக்கு உறுத்தும். அதனால்தான் பலர் ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள். உறுத்தினாலும் அதுதான் சரி.

கேள்வி: பஸ்ஸிலிருந்து ‘கெட் டவுன்’ சரிதானே?

பதில்: நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். லண்டனில் ‘கெட் ஆஃப் த பஸ்’ என்பார்கள். பொதுவாக, உள்ளே எழுந்து நடக்க முடிகிற பஸ், ரயில், விமானம், கப்பலுக்கு ‘ஆன்’, ‘ஆஃப்’. மேலே ஏறி உட்காரும் சைக்கிள், பைக்குக்கும் அதுவே. குனிந்து நுழையும் கார், டாக்ஸி, ஆட்டோவுக்கு ‘இன்டு’, ‘அவுட் ஆஃப்’. ஏணியிலிருந்தும் மரத்திலிருந்தும் இறங்க ‘கெட் டவுன் ஃப்ரம்’ எங்கேயும் செல்லும்.

கேள்வி: வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று பள்ளியில் சொன்னார்கள்.

பதில்: 1672-லேயே கவிஞர் ஜான் டிரைடன் அதைக் குறையாகச் சொன்னார், பிறகு இலக்கண வகுப்புகள் சட்டமாக்கிவிட்டன. ‘ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?’ என்று கேட்காமல் ஆங்கிலத்தில் ஒருநாள் ஓட்ட முடியாது. தாராளமாக முடியுங்கள்.

கேள்வி: பயோடேட்டாவில் ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2022’ என்று போடலாமா?

பதில்: இந்திய நிறுவனத்துக்கு என்றால் பாதகமில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பினால், அந்த ஆண்டு மயங்கி விழுந்தீர்கள் என்று படிப்பார்கள். ‘கிராஜுவேட்டட் ஃப்ரம்’ என்று கல்லூரிப் பெயரோடு எழுதுங்கள். ‘ஃப்ரம்’ விடுபடக் கூடாது. சென்னை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் நடப்பது ‘பாசிங் அவுட் பரேட்’தான், ராணுவப் பயிற்சியை முடிப்பதற்கு பிரிட்டனிலும் அதே சொல்.