2015-க்குப் பின் ஏறும் வரைகோட்டை எப்படி வாசிப்பது?

நிலைபேறான நுகர்வு (வருங்காலத் தலைமுறைகளின் தேவைக்குக் குந்தகம் வராத நுகர்வு) பற்றிய கட்டுரைகளின் எண்ணிக்கையை ஆண்டுவாரியாகக் காட்டும் உங்கள் வரைபடத்தை மட்டும் சான்றாக வைத்து "ஆய்வார்வம் பெருகியது" என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான வெப் ஆஃப் சயின்ஸில் இக்கட்டுரைகள் 2015-க்குப் பின் செங்குத்தாக ஏறுவதாகச் சொல்கிறீர்கள். அந்த ஆண்டு நவம்பரில்தான் அத்தரவுத்தளம் வளர்ந்துவரும் இதழ்களுக்கெனத் தனி அட்டவணையை (இதழ்க் கட்டுரைகளின் தேடற்பட்டியலை)த் தொடங்கியது. அதன் வழியே ஆயிரக்கணக்கான இதழ்கள் உள்ளே வந்தன. ஏற்றத்தின் ஒரு பகுதி தரவுத்தளத்தின் வளர்ச்சியாகவே இருக்கக்கூடும்.

சரிபார்க்க, ஒவ்வோர் ஆண்டின் எண்ணிக்கையையும் அவ்வாண்டின் மொத்தக் கட்டுரைகளால் வகுத்துப் பங்காக வரையுங்கள். பிறகு அந்தப் புதிய அட்டவணையை நீக்கிவிட்டு ஒருமுறை தேடுங்கள்.

பங்கும் ஏறினால்கூட ஓர் எச்சரிக்கை தேவை. 2015 செப்டம்பரில் ஐ.நா. ஏற்ற 17 நிலைபேறான வளர்ச்சி இலக்குகளில் 12-ஆவது, பொறுப்பான நுகர்வையும் உற்பத்தியையும் பற்றியது. அதன்பின், முன்பு பசுமை நுகர்வு என்று எழுதப்பட்ட பொருளுக்கே புதிய பெயர் சூட்டப்பட்டிருக்கலாம். இந்தப் பொருளோ 2015-க்கு வெகு முன்பே பேசப்பட்டது: 1992 ரியோ புவி உச்சிமாநாட்டின் செயல்திட்டமான 'நிகழ்ச்சிநிரல் 21' தன் நான்காம் அத்தியாயத்தை நுகர்வு முறைகளை மாற்றுவதற்கே ஒதுக்கியது. 1994-இல் ஒஸ்லோ கருத்தரங்கு 'நிலைபேறான நுகர்வு' என்ற சொல்லுக்கு வரையறையும் தந்தது. முன்னோடிகளின் உழைப்பு உங்கள் வரைபடத்தில் மறைந்துபோகக் கூடாது என்பதால், பழைய பெயர்களையும் தேடற்சொற்களில் கட்டாயம் சேருங்கள்.