நெட்வொர்க்ல பூட் ஆகாத கம்ப்யூட்டர்

கேள்வி: ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்ல சின்னதா கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கேன் சார். எந்த மெஷின்லயும் ஹார்ட் டிஸ்க் கிடையாது, எல்லாம் ஒரே சர்வர்ல இருந்து நெட்வொர்க் வழியாத்தான் பூட் ஆகும். புது பிராட்பேண்ட் ரவுட்டர் மாட்டுனதுல இருந்து சில மெஷின் பிஎக்ஸ்இ-இ53ன்னு (பிஎக்ஸ்இன்னா நெட்வொர்க் பூட்) எரர் காட்டி நின்னுடுது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சில நேரம் வந்துடுது. ஜன்னலோரம் இருக்குற ஒண்ணு மட்டும் எப்பவும் இ61. சர்வர ஃபார்மட் பண்ணச் சொல்றாங்க, பண்ணிடவா?
– மண்டபம் வாசகர்

பதில்: தயவுசெஞ்சு சர்வர்ல கை வைக்காதீங்க. ஒரு மெஷினாவது அதுல இருந்து பூட் ஆகுதுன்னா கோளாறு வேற எங்கயோ இருக்கு.

இ53ன்னா மெஷினுக்கு ஐபி அட்ரஸ், அதாவது நெட்வொர்க்ல அதோட அடையாள நம்பர், கிடைச்சிருச்சு, எந்த ஃபைல எடுத்து பூட் பண்ணணும்ங்கிற தகவல் மட்டும் வரல. ஆன் ஆனதும் மெஷின் நெட்வொர்க் முழுக்க ஐபி கேக்கும், அதுக்கு பதில் குடுக்குறது டிஎச்சிபிங்கிற சர்வீஸ், அது உங்க சர்வர்ல ஏற்கனவே ஓடுது, புது ரவுட்டர்லயும் வாங்கும்போதே ஆன்லதான் இருக்கும், ரெண்டும் பதில் சொல்ல ரவுட்டர் முந்திக்கிட்டா ஐபி வரும், பூட் ஃபைல் பேரு வராது. அதான் ஒரு தடவ வருது ஒரு தடவ வரல.

ரவுட்டர் செட்டிங்ஸ்ல டிஎச்சிபிய ஆஃப் பண்ணுங்க. ஆனா அதுக்கு முன்னாடியே சர்வருக்கு நிலையான ஐபி போட்டுருக்கான்னு பாத்துக்கங்க, ரவுட்டர் குடுத்த ஐபியில ஓடிட்டு இருந்தா பிறகு சர்வருக்கே அட்ரஸ் இல்லாம போயிடும். ரவுட்டரோட ஐபிய சர்வர் டிஎச்சிபியில கேட்வேயா (வெளிய இன்டர்நெட்டுக்குப் போற வழியா) குடுங்க, இல்லன்னா மெஷின் பூட் ஆகும், இன்டர்நெட் வராது.

இ61 வேற கதை, கேபிள் இணைப்பே கிடைக்கலன்னு அர்த்தம். உங்க ஊருக்கு ரெண்டு பக்கமும் கடல், ஜன்னலோரம்னா உப்புக்காத்து நேரா கனெக்டர்லதான் படும், மலிவு கனெக்டர்ல பின்னு சீக்கிரம் களிம்பு ஏறிடும். மொதல்ல பக்கத்து மெஷின் கேபிள மாத்திச் சொருகிப் பாருங்க, போர்ட்ல லைட் எரிஞ்சா பழைய கேபிளோட ரெண்டு முனையையும் வெட்டிட்டு புது கனெக்டர் கிரிம்ப் பண்ணிடுங்க. எரியலன்னா சுவிட்ச்ல வேற போர்ட், அப்பவும் இல்லன்னா மெஷினோட லேன் போர்ட்டே போயிருக்கலாம்.

இதுக்கப்புறம் எதாவது மெஷின் இ32ன்னு, அதாவது பூட் ஃபைல் கேட்டும் சர்வர் பதில் தரலன்னு காட்டுனா, சர்வர் ஃபயர்வால்ல (வெளிய இருந்து வர்றத தடுக்குற காவல் சாஃப்ட்வேர்) யுடிபி 69ங்கிற போர்ட் திறந்திருக்கான்னு பாருங்க, பூட் ஃபைல் கேட்டு மெஷின் அந்த போர்ட்டத்தான் தட்டும்.