தெரு வேலையில் இறங்கினால் ஊர் நம்முடையதாகுமா? எங்கள் நகரில் நடந்தது

"புறநகரில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். ஒருவரையும் தெரியாது. நலச்சங்கத்தில் சேர்ந்து தெரு வேலைகளில் கலந்துகொண்டால் அந்த இடத்தின் மேல் ஒட்டுதல் வருமா? தனிமை குறையுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்களுக்கு வந்தது, குறைந்தது. எப்படி என்று சொல்கிறேன். ஒரு இடத்தில் கெட்டும் போனது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மேற்குத் தாம்பரம் தாண்டி முடிச்சூர் பக்கம் ஒரு லேஅவுட்டில் 2012-ல் குடிவந்தோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை ஏழேகாலுக்குக் கிளம்பினால் திரும்ப இரவு எட்டாகிவிடும். அத்தை பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பார். மூன்று வருஷத்தில் நாங்கள் பெயர் தெரிந்து வைத்திருந்தது பால் போடும் தம்பியையும் அயர்ன் கடைக்காரரையும்தான். மற்றவர்கள் எல்லாம் பதினாலாம் நம்பர் சார், இருபத்தொன்னு மேடம். நான் சங்கரன்கோவிலில் வளர்ந்தவள். அங்கே தெருவில் நடந்தால் "நீ யார் மக?" என்று நாலு பேராவது கேட்பார்கள். இங்கே யாரும் எதுவும் கேட்காதது முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம் அதுவே பாரமாகிவிட்டது.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இரவு வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது பதினாலாம் நம்பர் சார்தான் துணி காயப்போடும் கயிற்றை எங்கள் கேட்டில் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டே வந்து அத்தையைத் தன் வீட்டு மாடிக்குத் தூக்கிப் போனார். இரண்டு நாள், ஒரே அறையில் பதினோரு பேர். அத்தைக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்துபோக, இருபத்தொன்னிலிருந்து ஒரு அட்டை வந்தது. அன்றிலிருந்து பதினாலாம் நம்பர் சார் எனக்கு அண்ணா.

வெள்ளம்தான் மக்களைச் சேர்த்தது என்று அந்த நாட்களில் எல்லோரும் பேசினோம். எங்கள் தெருவில் அந்தச் சூடு பொங்கலுக்குள் ஆறிவிட்டது. பழையபடி அவரவர் கேட், அவரவர் பூட்டு. எங்களை உண்மையில் சேர்த்தது அடுத்த கோடையில் ஆரம்பித்த வேலைதான்.

தெருக்கோடியில் சிறுபாலத்துக்கு அடியில் மழைநீர் வாய்க்கால் அடைத்துக் கிடந்தது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு வர முடிந்தவர்கள் வரலாம் என்று சங்கத்தில் சொன்னார்கள். முதல் வாரம் ஆறு பேர். ஒரு மெத்தை, சிமென்ட் மூட்டைச் சாக்குகள், கட்டுக்கட்டாகத் தேங்காய் மட்டை எல்லாம் வெளியே வந்தன. அப்படியும் தண்ணீர் நகரவில்லை. பின்தெருவில் வாடகைக்கு இருந்த கொத்தனார் ஒருவர் அன்று வந்திருந்தார். வீட்டுக்குப் போய் டியூப் லெவல் எடுத்து வந்தார். கண்ணாடி மாதிரி தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனையை என் கையில் கொடுத்து, "மேடம், அசையாம சுவரோட சேத்துப் புடிங்க" என்றார். மறுமுனையோடு அவர் பாலத்தடியில். இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற இடத்தில் கரித்துண்டால் கோடு போட்டார். அந்தக் கோடுகளிலிருந்து தரை வரை அளந்து பார்த்தால், வாய்க்காலின் தரையைவிடப் பாலத்தடித் தரை ஒரு சாண் உயரம்! நாலு வருஷமாக அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். அதன் பிறகு மழை பெய்தால் என் வீட்டு வாசலைப் பார்க்கும் முன் அந்தப் பாலத்தை நினைத்துக்கொள்கிறேன்.

அத்தைக்கு முழங்கால் வலி, வேலைக்கு வர முடியாது. மண்வெட்டி, கடப்பாரை, பாண்டு எல்லாம் எங்கள் போர்டிகோவில் வைத்ததால் சாவி அவரிடம் இருந்தது. யார் எதை எடுத்துப் போனார்கள், எப்போது திருப்பித் தந்தார்கள் என்று பழைய டைரி ஒன்றில் எழுத ஆரம்பித்தார். அதுதான் அவருக்கு மருந்தானது. கருவி கேட்டு வருகிறவர்கள் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். மாலையில் நான் வீடு திரும்பினால் முன்பு வலியைப் பற்றித்தான் பேச்சு. இப்போது "பதினெட்டுல அந்தப் பொண்ணுக்கு அஞ்சாம் மாசம், தெரியுமா?" ஏற்கெனவே எல்லோரோடும் ஒட்டிப் பழகுகிறவர்கள்தானே இந்த வேலைகளுக்கு வருகிறார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. அது ஓரளவு சரிதான். ஆனால் அத்தை அப்படிப்பட்டவர் இல்லை. வேலை முதலில் வந்தது, பழக்கம் அதன் பின்னால் வந்தது.

இனி கெட்டுப்போன கதை. 2018 ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை என்ன செய்யலாம் என்று ஓட்டெடுப்பு நடந்தது. கொத்தனாரும் கை தூக்கினார். மேடையிலிருந்து ஒருவர், "ஓனர்ஸ் மட்டும் கை தூக்குங்க" என்றார். கொத்தனார் கையை இறக்கி, மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வாய்க்காலுக்கு வழி கண்டுபிடித்தவர் அவர். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன், எழுந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

மெக்மில்லன், சாவிஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1986-ல் சமூக உணர்வுக்கு நான்கு கூறுகள் சொன்னார்கள். நானும் இதில் ஒருவர் என்பது, என் சொல்லுக்கு இங்கே மதிப்பு உண்டு என்பது, என் தேவை இங்கே நிறைவேறும் என்பது, சேர்ந்து அனுபவித்தவற்றின் பிணைப்பு. நாங்கள் கொத்தனாரிடமிருந்து இரண்டாவதைப் பிடுங்கினோம், மற்ற மூன்றும் கூடவே போய்விட்டன. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் ஆய்வு செய்த அமெரிக்க அரசியல் அறிவியலாளர் டேனியல் ஆல்ட்ரிச் இதையே பெரிய அளவில் பார்த்தார். ஊர்ப் பஞ்சாயத்து பலமாக இருந்த மீனவக் கிராமங்களுக்கு நிவாரணம் சீக்கிரம் வந்தது. அதே கட்டுக்கோப்பு தலித்துகளையும் ஆதரவற்ற பெண்களையும் நிவாரணப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தவும் செய்தது. உள்ளே இருப்பவர்களுக்கு எவ்வளவு இறுக்கமோ, வெளியே நிற்பவர்களுக்கு அவ்வளவு உயரமான சுவர்.

எங்கள் சங்க விதியைத் திருத்த ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. சொத்து சம்பந்தப்பட்டவை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இப்போது வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஓட்டு உண்டு. அண்ணாவும் நானும் கொத்தனார் வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னோம். "பரவால்ல மேடம்" என்றார். வந்து சேர இன்னும் மூன்று மாதம் எடுத்துக்கொண்டார்.

நீங்கள் சேரப்போகும் சங்கத்தில் முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள்: வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு உண்டா? அப்புறம், பதவி எதுவும் வேண்டாம், சின்னதாக ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் முதியவர் இருந்தால் அவருக்கும் ஒன்று. மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் 2022 முதல் வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன, அங்கேயும் போய் உட்காருங்கள்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. மாலையிலேயே அத்தை டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போன் போட ஆரம்பித்தார். முதல் போன் கொத்தனார் வீட்டுக்கு. "தம்பி, பாலத்தடியில தண்ணி ஓடுதா?" என்று கேட்டார். அவர் ஏற்கெனவே அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.