நாய், பூனைக் கொரோனா நமக்குத் தொற்றுமா?
கேரள-தமிழக எல்லையருகே உள்ள கொழிஞ்சாம்பாறையில் நாய்க்குட்டியும் பூனையும் ஒரே தட்டில் பால் குடிக்கும் வீட்டிலிருந்து, அவற்றின் கொரோனா (கோவிட் அல்ல, நாய்க்கும் பூனைக்கும் வரும் வேறு கொரோனா வைரஸ்கள்) குழந்தைகளுக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாய்ப்பு மிகக் குறைவு. ஆயினும் கேள்வி நியாயமானது.

ஏனெனில் இரு கொரோனா வைரஸ்கள் ஒரே செல்லில் புகும்போது மரபணுத் துண்டுகள் இடம் மாறிப் புதிய வடிவம் பிறக்கலாம். பூனைக் கொரோனாவின் இரண்டாம் வகை, நாய் வைரஸின் கூர்முனைப் புரதத்தை (செல்லுக்குள் நுழைய வைரஸுக்கு உதவும் புரதம்) பெற்று அப்படி உருவானதே. சைப்ரஸில் 2023இல் பூனைகளைப் பெருமளவில் கொன்ற திரிபும் இத்தகைய கலப்புதான். மலேசியாவின் சரவாக்கில் 2018இல் நிமோனியாவுடன் மருத்துவமனையில் சேர்ந்த ஒரு குழந்தையின் மாதிரியில் நாய்-பூனைக் கலப்பு வைரஸ் இருந்தது 2021இல் அறிவிக்கப்பட்டது. எனினும் நோய்க்கு அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை, அது மனிதரிடையே பரவுவதற்கும் சான்றில்லை.

ஆகவே பயந்துபோய்க் குட்டிகளைச் செக்போஸ்ட் பக்கம் விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. தட்டுகளைப் பிரித்து வையுங்கள்; கழிச்சல் கண்ட குட்டியின் மலத்தை அள்ளியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.