பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து எடைக் கம்பியை மேலே தள்ளும் பயிற்சி) செய்யும்போது மார்புத் தசை கிழிவது ஏன்? சாதாரணப் பிடிப்பிலிருந்து அதை எப்படிப் பிரித்தறிவது?

எடையை மேலே தள்ளும்போதுதான் கிழியும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கிழிவது கம்பியைக் கீழே இறக்கும்போது. முழங்கை உடலுக்குப் பின்னால் போகும் அந்தக் கடைசிக் கட்டத்தில், பெருமார்புத் தசையின் கீழ்ப்பகுதி நார்கள் மிக அதிகமாக நீண்டிருக்கும். பளுவைத் தாங்க இறுகியும் இருக்கும். அப்போது அறுவது பெரும்பாலும் மேற்கை எலும்பில் ஒட்டியிருக்கும் தசைநாண்தான். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல்: தசை பருக்கும் வேகத்துக்கு நாண் வலுப்பெறுவதில்லை.

சாதாரணப் பிடிப்பில் வலி மட்டும்தான் இருக்கும். கிழிந்தால் ‘பட்’டென்று ஏதோ அறுந்த உணர்வு, பிறகு மேற்கையில் கருநீலக் கன்றல், அக்குளின் முன்மடிப்பு மெலிதல், கையை உட்புறம் இழுக்க வலுவின்மை. முதல் சில நாட்கள் வீக்கம் அந்த மடிப்பு மெலிந்திருப்பதை மறைத்துவிடலாம். சந்தேகம் இருந்தால் எலும்பியல் மருத்துவரைப் பார்த்து எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள்.

நாண் முழுதாக அறுந்திருந்தால், விளையாட்டுக்குத் திரும்ப விரும்புபவருக்கு அறுவை சிகிச்சையே நல்ல வழி. சில வாரங்களுக்குள் செய்ய வேண்டும். தாமதித்தால் தசை சுருங்கி, தைப்பது கடினமாகும். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜே.ஜே. வாட் 2019 அக்டோபரில் இதே தசை கிழிந்து, 2020 ஜனவரியிலேயே களமிறங்கினார். அதை அளவுகோலாக வைக்காதீர்கள். கனமான பெஞ்ச் பிரஸ்ஸுக்குத் திரும்ப வழக்கமாக ஆறு மாதமாவது பிடிக்கும்.