அமெரிக்காவில் இறைச்சி மாடுகள் தினமும் ஒன்றரைக் கிலோ எடை ஏறுவது ஹார்மோன் ஊசியாலா, தீவனத்தாலா? நம் ஊர் எருமைக் கடாக்கன்றுகளை அப்படி வளர்க்க முடியுமா?

முதல் கேள்விக்கு: இரண்டாலும்தான். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஊசிக்குப் பங்கில்லை. கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு, தீவன ஆராய்ச்சியில் மேற்படிப்புக்காக அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக்கு வந்து, தீவனத் தொட்டிக்கும் எடை மேடைக்கும் நடுவில் காலம் தள்ளியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் ஊசி என்று சொல்வது உண்மையில் குட்டிக் குட்டி வில்லைகள். காதின் பின்பக்கத் தோலுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். ஹார்மோன் அதிலிருந்து மெதுவாகக் கசியும். 1954-இல் அயோவாவில் வைஸ் பரோஸ் என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சியை வைத்து டி.இ.எஸ். என்ற செயற்கை ஹார்மோனைத் தீவனத்தில் கலக்க அனுமதி கிடைத்தது. புற்றுநோய்த் தொடர்பு தெரிய வந்து 1979-இல் அதை நிறுத்தினார்கள். இப்போது இருப்பது எஸ்ட்ரடையால், டிரென்போலோன் வகை ஹார்மோன்கள். ஐரோப்பா இந்த மாட்டிறைச்சியை 1989 முதல் உள்ளேயே விடுவதில்லை. சரி, பலன் எவ்வளவு? எடை ஏற்றம் சுமார் 10 முதல் 20 சதவீதம் கூடும். அதாவது வில்லையே வைக்காவிட்டாலும் அந்த மாடு தினம் ஒன்றேகால் கிலோவாவது ஏறும்.

அந்த ஒன்றேகால் கிலோ எங்கிருந்து வருகிறது என்பதுதான் சுவாரசியமான பகுதி.

பொங்கல் முடிந்த மறுநாள் நம் ஊர்க் கால்நடை மருத்துவமனைகளில் என்ன கூட்டம் என்று பார்த்திருப்பீர்கள். மாட்டுக்கு ஆசையாகப் பொங்கலையும் சோற்றையும் அள்ளி வைத்துவிடுகிறோம். மாவுச்சத்து திடீரென்று ரூமனுக்குள், அதாவது அசைபோடும் பெரிய வயிற்றுக்குள் போனதும் அங்கே இருக்கும் நுண்ணுயிரிகள் அதை லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். மாடு தீனி எடுக்காது, கழியும், படுத்துவிடும். சில மாடுகள் பிழைப்பதில்லை. நெப்ராஸ்கா மாடு தின்பதும் பெரும்பாலும் மாவுச்சத்துதான். பாதிக்கு மேல் மக்காச்சோளம். நம் மாட்டைக் கொல்கிற தீனியில் அந்த மாடு எப்படிக் கொழுக்கிறது?

பழக்குகிறார்கள், அவ்வளவுதான். புல்வெளியிலிருந்து வந்த கன்றுக்கு முதலில் ஏறக்குறைய பாதி நார்த்தீவனம். பிறகு சுமார் மூன்று வாரத்தில் மூன்று நான்கு படியாக நாரைக் குறைத்து மக்காச்சோளத்தை ஏற்றுவார்கள். கடைசியில் நார் பத்து சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். இந்த மூன்று வாரம் மாட்டுக்காக அல்ல, அதன் வயிற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிரிகளுக்காக. லாக்டிக் அமிலத்தைத் தின்று தீர்க்கும் வகைகள் பெருகக் கால அவகாசம் வேண்டும். விலாவில் துளையிட்டு மூடி பொருத்திய ஆராய்ச்சி மாடுகள் எங்களிடம் இருந்தன. உள்ளே கைவிட்டால் வெந்நீர் அண்டாவுக்குள் விட்டது போல இருக்கும். நார் தின்கிற மாட்டில் மேலே தடித்த பாய் மாதிரி புல் மிதக்கும். மக்காச்சோளம் ஏறிய மாட்டில் அது கரைந்து கூழாகக் கிடக்கும். நாற்றம் சட்டையைவிட்டுப் போகாது, அது வேறு கதை.

பழக்கிய பிறகும் தினசரிச் சமாளிப்புதான் எல்லாம். விடியும் முன்பே ஒருவர் ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டு போவார். தெற்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கிய மதிப்பெண் முறை ஒன்று உண்டு: தொட்டி வழித்துத் துடைத்த மாதிரி இருந்தால் 0, தீவனம் தொடப்படாமல் கிடந்தால் 4. அதைப் பார்த்துத்தான் அன்றைய அளவு. தொட்டி காலி என்று ஆசைப்பட்டு ஒரேயடியாக ஏற்றினால் மாடு அன்று அள்ளித் தின்னும், அமிலம் ஏறும், மறுநாள் தீனியைத் தொடாது. என்னைக் கேட்டால், ஒரு நல்ல தொட்டி பார்ப்பவர் மூன்று தீவன நிபுணர்களுக்குச் சமம். சம்பளம் மட்டும் நேர் எதிர்.

நெப்ராஸ்காவுக்கு இன்னொரு அதிர்ஷ்டம் எத்தனால் ஆலைகள். மக்காச்சோளத்திலிருந்து மாவுச்சத்தை எடுத்துச் சாராயமாக்கிவிட்டால் மூன்றில் ஒரு பங்கு ஈரச் சக்கையாக மிஞ்சும். புரதம், கொழுப்பு, நார் எல்லாம் அதில் மூன்று மடங்கு செறிந்திருக்கும். இங்கே டெர்ரி குளோப்ஃபென்ஸ்டைனும் அவர் குழுவும் பல வருடம் சோதித்து, ஈரச் சக்கை மக்காச்சோளத்தைவிடக் கூடுதல் பலன் தருகிறது என்று காட்டினார்கள். மாவுச்சத்து இல்லாததால் அமிலத் தொல்லையும் குறைவு. கந்தகம் மட்டும் கூடிவிடக் கூடாது. கூடினால் மூளை பாதித்து மாடு தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தபடி நிற்கும்.

இவற்றோடு மோனென்சின் என்ற மருந்தும் சேரும். 1970-களின் நடுவிலிருந்து தீவனத்தில் கலக்கிறார்கள். குறைந்த தீனியில் அதே எடை கிடைக்கும், மீத்தேனும் கொஞ்சம் குறையும். ஆனால் குதிரை தின்றால் செத்துவிடும்.

தீவனத்தைப் பற்றியே பேசுகிறேன். ஆனால் பால்மறக்கச் செய்யும் விதமும் எடையில் தெரியும். கலிஃபோர்னியாவின் டேவிஸில் 2003-இல் வெளியான ஆய்வில், தாயை வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே பால்மறந்த கன்றுகள் ஒழுங்காகத் தின்றன. அடியோடு பிரித்த கன்றுகள் கத்திக்கத்தி இழந்த எடையைப் பத்து வாரம் கழித்தும் ஈடுகட்டவில்லை. ஒரு வேலி செய்கிற வேலை!

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எருமைக் கடாக்கன்றை நன்றாக வளர்க்கலாம், ஆனால் இந்த மக்காச்சோள வழியில் வேண்டாம். இந்த முறையிலேயே ஒரு கிலோ எடை ஏற மாடு ஏறக்குறைய ஆறு கிலோ உலர்தீவனம் தின்னும். கறிக்கோழிக்கு இரண்டு கிலோகூட வேண்டாம். நாமக்கல் கோழிப்பண்ணைகளோடு மக்காச்சோளத்துக்குப் போட்டி போட்டு நீங்கள் ஜெயிக்க முடியாது. முதல் சில மாதம் தாயின் பாலை ஒட்டக் கறந்துவிடாமல் கன்றுக்கும் விடுங்கள்; நம் ஊரில் கடாக்கன்று தேறாமல் போவதற்கு முக்கியக் காரணமே பால் கிடைக்காததுதான். அப்புறம் பசுந்தீவனம், நறுக்கிய சோளத்தட்டை, தவிடு, கொஞ்சம் புண்ணாக்கு, தாது உப்பு, குடற்புழு மருந்து. எதை மாற்றினாலும் இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாக மாற்றுங்கள்.

எடை மேடை இல்லையென்றால் தையற்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பின்புற எலும்பு முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் தோராயமான கிலோ. எப்போதும் காலையில், தண்ணீர் காட்டும் முன்பே அளந்துவிடுங்கள். வயிறு நிறையத் தின்று குடித்தாலே பெரிய மாட்டுக்கு இருபது கிலோ கூடிக் காட்டும். அதனால்தான் ஆராய்ச்சிப் பண்ணையில் ஐந்து நாள் எல்லா மாட்டுக்கும் ஒரே அளவு தீனி கொடுத்து, பிறகு அடுத்தடுத்து இரண்டு நாள் காலையில் நிறுத்துச் சராசரி எடுப்போம்.